மொட்டை அடித்த மரம்

சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்று விடிவதற்கு முன்னால் அடித்துவிட்டுப் போனால், மரம் வெட்டுகிறவன் கைபேசி சும்மா இருக்காது. அன்றைக்கு ஆறேகாலுக்கே அடித்தது. பரமசிவம் அப்போதுதான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயது. ஒரு குத்தகைக் கம்பெனியில் மரம் வெட்டும் குழுவுக்கு ஃபோர்மேன். சுவா சூ காங் வட்டாரத்து அடுக்குமாடியில் எட்டாவது மாடி வீடு. கோப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போனா என்ன? மரம் எந்திரிச்சு ஓடிடவா போகுது?" என்றாள் மனைவி கண்மணி.

"ஆளு மேல விழுந்திருக்காம்."

அவள் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இடம் பத்து நிமிஷ நடைதான். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. போலீஸ்காரர் நாடா கட்டிக்கொண்டிருந்தார். நடைபாதைக்குக் குறுக்கே, நிழலுக்காக நட்டிருந்த அங்சானா மரத்தின் கிளை ஒன்று கிடந்தது, தொடை பருமன் இருக்கும், நாலு ஆள் நீளம். மழை விட்டும் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடிபட்டது முத்தாயி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அறுபத்தாறு வயது. எதிர்ப் பிளாக்கில் உள்ள கோப்பிக்கடையில் மேசை துடைக்கிற வேலை. கடை திறப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மழை கொஞ்சம் குறைந்ததுமே இறங்கி நடந்திருக்கிறார். "அப்பவே முடிஞ்சு போச்சு அங்கிள்," என்றார் நாடா கட்டிய போலீஸ்காரர்.

படம் எடுக்க வேண்டியவர்கள் எடுத்து முடித்தார்கள். கிளையைத் துண்டு போடச் சொல்லிவிட்டு, பரமசிவம் அதன் அடிப்பக்கத்தைப் போய்ப் பார்த்தார்.

கிளை நடுவில் முறியவில்லை. முளைத்த இடத்திலிருந்து அப்படியே பெயர்ந்து வந்திருந்தது, முன்பு வெட்டியதில் மிஞ்சி நின்ற அடிக்கட்டையான குட்டையையும் தன்னோடு பிய்த்துக்கொண்டு. அந்தக் குட்டையின் தலையில் ஒரு வெட்டு இருந்தது. எப்போதோ ரம்பம் வைத்துத் தட்டையாக அறுத்த வெட்டு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் படி. இரண்டு பக்கமிருந்தும் அறுத்து, நடுவில் சேராமல் போனால் அப்படி ஒரு படி விழும். வலதுகைக்காரர்களுக்கு வலது பக்கம் விழும். இதில் இடது பக்கம் விழுந்திருந்தது.

அந்தக் கம்பெனியில் இடதுகைக்காரர் ஒருத்தர்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்த சமாசாரம் இது. அந்த மரத்தில் மைனாக்கள் அடைந்தன. நூறு இருநூறா என்ன, ஆயிரக்கணக்கில்! சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்கினால் பிளாக்கில் யாரும் டிவி பார்க்க முடியாது, கீழே கார் நிறுத்த முடியாது. புகார் மேல் புகார். மைனாவைக் கிளப்ப வேண்டுமென்றால் மரத்தின் தலையை ஒழுங்காகக் கலைக்க வேண்டும். ஒவ்வொரு கிளையையும் அது பிரிகிற கவட்டை வரை தேடிப் போய், அங்கே வைத்து வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு நாள் பிடிக்கும். இன்னொரு வழி உண்டு. ஆளை மேலே தூக்கிப் பிடிக்கிற பூம் லிஃப்டில் நின்றபடியே எட்டுகிற உயரத்தில் எல்லாவற்றையும் தட்டையாக அறுத்துத் தள்ளிவிடுவது. அதைத்தான் ஆட்கள் மொட்டை என்பார்கள். செய்யக் கூடாத வேலை. செய்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

கண்மணி அன்றைக்கு மூன்று மணிக்குத் தேக்காக் கடைத்தெருவில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளாக ஒரு தீபாவளிக்கும் அவர் கூட வந்து சேலை எடுத்ததில்லை. இந்த வருஷமாவது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பரமசிவம் மரத்துக்கு மொட்டை போட்டார். மரம் ஏறுவதற்கு முன்னால் அடியில் கை வைத்து, அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம், "இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க," என்று சொல்கிற வழக்கம் எந்த நாளும் தவறாதவர், அன்றைக்கு அதையும் மறந்தார். வேலை அறிக்கைத் தாளில் 'கவட்டை வரை வெட்டிக் கலைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்ததற்குப் படம் வைக்க வேண்டுமே? போன மாதம் அழகாக வெட்டியிருந்த பக்கத்து மரத்தைப் படம் எடுத்து ஒட்டிவிட்டார். இரண்டும் அங்சானாதான், யாருக்குத் தெரியப் போகிறது!

மைனா போய்விட்டது. பிளாக்கில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். கண்மணிக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை கிடைத்தது.

இப்போது அதே மனுஷர் அந்தக் குட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே மக்கிப் போய்ச் சோறு மாதிரி இருந்தது. அந்த மக்கலின் விளிம்பில்தான், தோலில் ஒட்டிக்கொண்டு, இத்தனை பெரிய கிளை ஏழு வருஷம் நின்றிருக்கிறது.

அவர் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குட்டையைத் தனியாக அறுத்தார். "மேல மிச்சம் இருக்கறதும் விழுந்துடும், நானே பாத்துக்கறேன்," என்று லிஃப்டில் ஏறி, மரத்தில் நின்ற பழைய வெட்டுகளை எல்லாம் புதுசாகச் சீவிவிட்டார். கீழே இறங்கி, அறுத்த குட்டையை அரிசிச் சாக்கில் போட்டு லாரியில் தன் இருக்கைக்குக் கீழே தள்ளினார். மற்றதெல்லாம் மரத்தூள் ஆக்குகிற மெஷினுக்குப் போனது. அதையும் அதில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. மெஷின் பக்கத்தில் இரண்டு தடவை போய் நின்று, இரண்டு தடவையும் திரும்பி வந்தார். சாயங்காலம் சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் பாம் ஷெல்டரில் வைத்துப் பூட்டினார்.

பாம் ஷெல்டர் என்பது சண்டை வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுத்திருக்கிற அறை. கெட்டிச் சுவர், இரும்புக் கதவு. சண்டை வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று எல்லாரும் அரிசி மூட்டையும் பெட்டியும் பழைய மின்விசிறியும் வைத்திருப்பார்கள். பரமசிவத்தின் வீட்டு ஷெல்டரில் இப்போது இதுவும் இருந்தது.

முத்தாயியின் பிளாக்குக்குக் கீழே கொட்டகை போட்டு உடலை வைத்திருந்தார்கள். பரமசிவம் போகாமல் இருந்திருக்கலாம். காலே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பெண் வந்து உறிஞ்சுகுழல் ஒட்டிய பச்சைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். முத்தாயியின் மகள், கவிப்ரியா. முப்பது வயது இருக்கும், அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நீங்கதானே அங்கிள் அந்தக் கிளைய எடுத்தீங்க? கோப்பிக்கடைல சொன்னாங்க."

"ஆமாம்மா."

"தேங்ஸ் அங்கிள். அந்த மழையில வந்து..."

பொட்டலத்தில் உறிஞ்சுகுழலைக் குத்த அவருக்குக் கை வரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? அம்மாவோட செருப்பு ஒண்ணுதான் ஆஸ்பத்திரில குடுத்தாங்க. இன்னொண்ணு காணோம். புதுசு லா, ரெண்டு வாரம் முன்னாடிதான் நான் வாங்கிக் குடுத்தேன். அங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கலம்மா," என்றார். அது உண்மைதான். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள். பிறகு இரண்டு நாள், வேலைக்கு நடுவே, அவர் அந்த மரத்தடிச் சாக்கடையைக் கையால் துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு தொல்லை பிடித்தது. வீட்டில் உட்கார்ந்தால் இலை அசைகிற சத்தம் கேட்கும். பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது. சத்தம் இரும்புக் கதவுப் பக்கமிருந்து வரும். சாயங்காலம் ஆறு மணி ஆனால் மைனாக் கூட்டம் இறங்குகிற இரைச்சல். "உனக்குக் கேக்குதா?" என்று ஒரு தடவை கண்மணியிடம் கேட்டார்.

"என்னது?"

"மைனா."

"மைனா கத்தாத ஊரா இது? காதுக்கு டாக்டரப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் புளியைக் கரைத்தாள்.

பத்தாவது நாள் சாகுல் ஹமீது கூப்பிட்டார். அதே கம்பெனியில் மரங்களைச் சோதிக்கிறவர். நாற்பத்தைந்து வயது, ஆங் மோ கியோவில் வீடு. மரத்தைத் தட்டிப் பார்த்து, தாளில் குறித்து, 'சரி' என்றோ 'ஆபத்து' என்றோ கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த அங்சானாவுக்குச் 'சரி' போட்டது அவர்தான்.

"அண்ணே, என்னை வேலைய விட்டு நிறுத்தி வச்சிட்டாங்க."

"எதுக்குப்பா?"

"எதுக்கா? நான் பாத்த மரம் லா. லைசென்சையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் வீட்லதான். அப்புறம் கேஸ் போடுவாங்களோ என்னமோ, தெரியல." அவர் அழுவது கேட்டது. "அண்ணே, நான் கீழ இருந்துதான் பாத்தேன். ஏறிப் பாக்கல. பழைய ரெக்கார்டுல நீங்க கவட்டை வரைக்கும் வெட்டினதா இருந்துச்சு, படமும் இருந்துச்சு. மொட்டைன்னு இருந்தா நான் ஏறாம விடுவேனா? சொல்லுங்க. மொட்டை அடிச்ச மரத்தை யாராச்சும் கீழ இருந்து பாப்பானா?"

"பாக்க மாட்டான்."

"அதத்தான் நானும் சொன்னேன். நீங்க வெட்டினதுன்னாலே கண்ண மூடிக்கிட்டு டிக் போடலாம்ணே. அப்படியிருந்தும் எப்படி வந்து விழுந்துச்சுன்னுதான் புரியல. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, நான் ஒழுங்காப் பாக்கறவன்னு."

"சொல்றேன்," என்றார் பரமசிவம். பாவி மனுஷன், சொல்வதற்கு அவரிடம் வேறொன்று இருந்தது, அது மட்டும் வாயில் வரவில்லை.

பதினாறாவது நாள் கண்மணி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை. பரமசிவம் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று சொல்ல முடியாது. திடீரென்று துடைப்பம் விழுகிற சத்தம்.

"ஐயோ, இங்க வாங்க! ரத்தம்!"

இரும்புக் கதவின் அடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கோடு வெளியே வந்து தரையில் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்மணி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் தடுக்க எழுந்தபோது கதவு திறந்திருந்தது. சத்தம் கேட்டு மகள் ரக்ஷனாவும் அறையிலிருந்து வந்தாள். இருபத்தாறு வயது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் நெல் நாற்றுகளோடு பொழுது போக்குகிறவள்.

சாக்கைக் கிழித்துக்கொண்டு அது முளைத்திருந்தது.

ஒன்று இரண்டு இல்லை. பட்டையைச் சுற்றிலும், வெட்டின விளிம்பு முழுக்க, இருபது முப்பது துளிர்கள். வெளிச்சமே படாத இடம் இல்லையா, பச்சை இல்லாமல் வெளுத்து, மெலிந்து, எல்லாம் கதவு இடுக்கைப் பார்த்து வளைந்து நின்றன. அரிசி மூட்டை மேல் இரண்டு படர்ந்திருந்தன. பிசின் வடிந்து வடிந்து சிமெண்டுத் தரை சிவந்து கிடந்தது.

கண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். ரக்ஷனா குனிந்து உட்கார்ந்து விரலால் தொட்டாள்.

"பிளட் இல்லமா, ரெசின். அங்சானா வெட்டினா சிவப்பாத்தான் வரும்." அவள் குரலில் பயம் இல்லை, ஆச்சரியம் இருந்தது. "வாவ். எப்படி இவ்ளோ மொட்டு ஒரே நேரத்துல... அப்பா, இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

பரமசிவம் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார்.

"ஏண்டி, செத்துப்போன கட்டைடி அது! கட்டை எப்படி முளைக்கும்?" என்றாள் கண்மணி.

"செத்துப் போகலமா. தூங்கிட்டு இருந்துச்சு." ரக்ஷனா தரையிலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். இந்தப் பேச்சு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "ஒவ்வொரு இலைக் கக்கத்துலயும் ஒரு மொட்டு இருக்கும். எல்லாம் கிளையா வந்தா மரம் என்னத்துக்கு ஆகும்? அதனால நுனிக்குருத்து ஒரு ஹார்மோனைக் கீழ அனுப்பிட்டே இருக்கும், ஆக்சின்னு பேரு. வேர்லேர்ந்து இன்னொண்ணு மேல வரும், ஸ்ட்ரைகோலாக்டோன். நான் லேப்ல பாக்கறது அதத்தான். ரெண்டும் சேர்ந்து மொட்டுங்கள அடக்கி வைக்கும். எங்ககிட்ட ஒரு நெல்லு இருக்கு, அதுல அந்த ஜீன் கெட்டுப் போச்சு. வேர் சொல்றது மொட்டுக்குக் கேக்காது. பாத்தா ஒரு நாத்துலயே நாப்பது தூர் வெடிச்சு, குட்டையா, புல்லு மாதிரி நிக்கும். ஒண்ணுலயும் ஒழுங்கா நெல்லு பிடிக்காது."

"நுனிய வெட்டிட்டா?" என்றார் பரமசிவம். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"அடக்கறதுக்கு ஆள் இல்ல. நுனிக்குப் போக வேண்டிய சர்க்கரை எல்லாம் இதுங்களுக்கு வரும், எல்லாம் எந்திரிச்சிடும். இதுக்கு நுனியும் இல்ல, வேரும் இல்ல. அதான் பாருங்க." அவள் ஒரு துளிரைப் பிடித்து இழுத்தாள். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. "ஆனா நிக்காதுப்பா. நல்ல கிளைன்னா மரத்தோட நடுவுலேர்ந்து பின்னிக்கிட்டு வரும். இது மேல் தோலுல மட்டும்தான் ஒட்டியிருக்கும். பெருசாகப் பெருசாக வெயிட்டு ஏறும், பிடிப்பு ஏறாது. உள்ள மக்க ஆரம்பிச்சா எப்ப வேணா..."

அவள் நிறுத்தினாள். குட்டையைத் திருப்பினாள். தட்டையான வெட்டை, அதன் இடது பக்கத்துப் படியைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அப்பா இடது கையால் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துச் சாப்பிட்டவள். மெதுவாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது அந்த மரமா?"

பரமசிவம் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். மைனா, பூம் லிஃப்ட், தாளில் போட்ட கையெழுத்து, பக்கத்து மரத்துப் படம், செருப்பு தேடின பெண், சாகுலின் போன். சொல்லி முடிக்கும்போது கழுவின தரை காய்ந்துவிட்டது.

கண்மணி சுவரில் சாய்ந்து நின்றாள். "தீபாவளிக்கு முன்னாடி, மூணு மணிக்குத் தேக்காவுக்கு வந்தீங்களே, அன்னைக்கா?"

"ஆமா."

"நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு லீவு போட்டுட்டு வந்து சேலை எடுத்துக் குடுத்தாருன்னு. கடையில நீங்க நாலு சேலைய எம் மேல வச்சு வச்சுப் பாத்தீங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தேனே..." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏங்க, உங்ககிட்ட யாரு கேட்டா? வேலை முடியல, வர முடியாதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

"நீ காத்துக்கிட்டு இருப்பியேன்னுதான்..."

"இருபத்தஞ்சு வருஷம் காத்துக்கிட்டு இருந்தவளுக்கு அன்னைக்கு மட்டும் கால் வலிச்சிருக்குமா?"

கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிறவள், அன்றைக்கு எதையும் உருட்டவில்லை. உட்கார்ந்து அழுதாள். முகம் தெரியாத அந்த முத்தாயிக்காக அழுதாளா, தனக்காகவா என்று பரமசிவத்துக்குத் தெரியவில்லை. ரக்ஷனா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சாகுல் அங்கிள்?" என்றாள் கடைசியில்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பா, அவர் லைசென்ஸ் போயிடும். ஜெயிலுக்குக்கூடப் போகலாம்."

"தெரியும்."

"தெரிஞ்சா எப்படிப்பா சோறு இறங்குது?"

இறங்கவில்லை என்று சொன்னால் பரிதாபம் தேடுவதாகிவிடும். "நாளைக்கு ஆங் மோ கியோ போறேன். முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு, திங்கக்கிழமை விசாரணைல சொல்றேன்," என்றார்.

"கேஸ் வந்தா?" என்றாள் கண்மணி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"வரட்டும்."

"வரட்டும்," என்று அவளும் சொன்னாள். "அந்தப் பொண்ணுக்கும் பதில் சொல்லணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அவர் சாகுல் வீட்டுக் கதவைத் தட்டினார். ருக்சார் திறந்தாள், சாகுலின் மனைவி. "வாங்கண்ணே, இத்தன நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கல, நீங்களாச்சும் வந்தீங்களே," என்று சொன்னதும் பரமசிவத்துக்கு வாசலிலேயே உட்கார்ந்துவிடலாம் போல் ஆனது. சாகுல் பனியனோடு சோபாவில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேசையில் பரோட்டாவும் மீன்கறியும் ஆறிக் கிடந்தன.

பரமசிவம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். நேற்று வீட்டில் சொன்னதை விடச் சுருக்கமாகச் சொன்னார்.

சாகுல் பரோட்டாத் தட்டைத் தள்ளி வைத்தார். "படமும் பொய்யா?" என்றார்.

"பொய்."

"குட்டைய எடுத்து ஒளிச்சும் வச்சீங்க."

"ஆமா."

"நான் போன் பண்ணி அழுதப்பவும் அது உங்க வீட்லதான் இருந்துச்சு."

"ஆமாப்பா."

ருக்சார்தான் வெடித்தாள். "இவரு பதினேழு நாளாத் தூங்கலண்ணே! நான் ஏறாம விட்டுட்டேனே, ஏறியிருந்தா அந்த அம்மா பொழச்சிருக்குமேன்னு தலையில அடிச்சிக்கிட்டு இருந்தாரு. நீங்க வீட்ல நிம்மதியா உக்காந்து... உங்களுக்கு நெஞ்சு இருக்கா?" அவள் கை ஓங்கிவிடுவாளோ என்று இருந்தது. ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்று பரமசிவம் நின்றார். அவள் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து சொல்றீங்களா?" என்றார் சாகுல்.

"சொல்றேன். குட்டையையும் கொண்டாறேன். ஒன்பது மணிக்கு."

"நானும் வருவேன். என் கண்ணு முன்னாடி சொல்லணும்."

"சரி."

பாரம் இறங்கும் என்று நினைத்து வந்தவருக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. பதினேழு நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். செருப்பை மாட்டப் போனவரைச் சாகுல் கூப்பிட்டார்.

"அண்ணே. மத்த மரம்?"

"எந்த மத்த மரம்?"

"மைனா வேலை நீங்க அது ஒண்ணா செஞ்சீங்க? எனக்குத் தெரிஞ்சு எட்டு ஒம்பது வருஷம் மேற்குப் பக்கம் பூரா நீங்கதான் போனீங்க. பெருநாள் வரும், பொங்கல் வரும், ஆள் பத்தாது, அரை நாள்ல முடிச்சிட்டு வாம்பான் முதலாளி." சாகுலின் குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் பயமாக இருந்தது. "எல்லாத்துக்கும் ரெக்கார்டு கவட்டை வரைக்கும்னுதான் இருக்கு. எல்லாத்துக்கும் கீழ இருந்து பாத்து நான்தான் டிக் போட்டிருக்கேன். எது மொட்டை, எது மொட்டை இல்லைன்னு ஊர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

பரமசிவம் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்கு முதலில் கோபம்கூட வந்தது. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்கே உயிர் போய் வந்திருக்கிறது, இவன் இன்னும் கேட்கிறானே என்று. அப்புறம் அந்தக் கோபம் போய் வெறும் குளிர் மிஞ்சியது. பதினேழு நாளாக அவர் ஒரே ஒரு மரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மற்றதை மனசு அவருக்குக் காட்டவே இல்லை.

சாகுல் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து வைத்தார். பேனாவைக் கையில் கொடுத்தார். "வருஷம் வேணாம். இடம் மட்டும் எழுதுங்க. நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன், இன்னைக்கே போன் பண்ணி யாரும் கிட்டப் போகாம கயிறு கட்டச் சொல்றேன். இது காத்து மாசம்."

பரமசிவம் எழுத ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் இரண்டு. பஸ் நிறுத்தம் ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. கால்வாய் ஓரம் மூன்று. எழுத எழுத மரங்கள் வந்தன, ஒவ்வொன்றும் அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டோடும் கூட இருந்த ஆளோடும் வந்தது. முதல் பக்கம் நிறைந்தது. சாகுல் ஒவ்வொரு வரியையும் கைபேசியில் யாருக்கோ வாசித்துக்கொண்டே இருந்தார். சமையல்கட்டுக் கதவு திறந்து, ருக்சார் ஒன்றும் பேசாமல் தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் பேனா நின்றது. அவர் எழுதியிருந்தது அவருடைய பிளாக்குக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிற பாதை. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூன்று. கண்மணி ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மீன் வாங்கப் போவாள். மணி பார்த்தார். ஒன்பது இருபத்தெட்டு.

அவளைக் கூப்பிட்டார். போன் எடுத்ததும் காற்று இரைகிற சத்தம்தான் முதலில் கேட்டது. "என்னங்க, சொல்லிட்டீங்களா?" என்றாள் கண்மணி.

"சொல்லிட்டேன். நீ எங்க இருக்க?"

"சந்தைக்குப் போயிட்டு இருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்கு, அதான் வேகமா..."

"வலது பக்கம் மரத்தடியில போகாத. இப்பவே விலகு."

"சரி, அந்தப் பக்கம் போறேன்."

"அந்தப் பக்கமும் வேணாம்!"

"அப்ப நான் எந்தப் பக்கமாத்தான் போறது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதற்காக அவள் அங்கேயே மரங்களுக்கு நடுவில் நின்றாள்.

மொட்டை போடாத ஒரு பாதையைத் தேடிப் பரமசிவம் நோட்டைப் பார்த்தார், முதல் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி இரண்டாவது பக்கத்துக்கு வந்தார். "இருங்க, காத்து ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணும் கேக்கல," என்று போனுக்குள் கண்மணி கத்திக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.